பெல்ட்டும் எழுபது வளைவும்: கொங்குநாட்டில் ஐந்து நாள்

புறப்படுவதற்கு முந்தின நாள், பல்லடம்

நாளைக் காலை கிளம்புகிறோம், நானும் தம்பியும். நான் என் 125 சிசி ஸ்கூட்டரில் பல்லடத்திலிருந்து. அவன் தன் 750 சிசி க்ரூசரோடு ஈரோட்டில் சேர்ந்துகொள்வான். பவானி, திம்பம், சங்ககிரி, நாமக்கல், கொல்லிமலை, பிறகு கரூர் வழியாக வீடு.

எங்கள் இரண்டு வண்டியிலுமே செயின் கிடையாது, பெல்ட்தான். அவனுடையது வெளியே தெரிகிற பல் வைத்த பெல்ட். என்னுடையது இடது பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கிற வி-பெல்ட். போன வருஷம் கொல்லிமலையில் 46-ஆவது வளைவில் அது அறுந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கல் கட்டையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் போனது. மேலேயிருந்து வந்த ஒரு மினி வேன்காரர் வண்டியை ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் இறக்கினார். கீழே ஒரு கடையில் மறுநாள்தான் பெல்ட் வந்தது. மாட்டிக் கொடுத்தார்கள், நானும் வந்துவிட்டேன். ஏன் அறுந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் இந்த முறை வீட்டு வாசலில் பாயை விரித்து நானே கழற்றினேன். மூடிக்கு 8 எம்எம் போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் இல்லை, அதனால் ஒரு அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். மூடியைத் திறந்தால் கறுப்புத் தூள். முன்னால் வேரியேட்டர், பின்னால் கிளட்ச்சோடு சேர்ந்த புல்லி, இரண்டுக்கும் நடுவில் பெல்ட். வேகம் கூடக்கூட வேரியேட்டருக்குள் இருக்கும் உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, புல்லியின் ஒரு பாதியைத் தள்ளும். பெல்ட் முன்னால் மேலே ஏறும், பின்னால் உள்ளே இறங்கும். கியர் மாறுவது இப்படித்தான். மலையில் மெதுவாக ஏறும்போது பெல்ட் முன் புல்லியின் அடியிலேயே சின்ன வட்டமாக வளைந்து, முழுப் பாரத்தையும் இழுக்கும். அதிகமாகச் சூடாவது அப்போதுதான்.

வேரியேட்டர் நட்டுக்கு என் வண்டியில் 19 எம்எம் ஸ்பேனர். ஆனால் நட்டைத் திருப்பினால் புல்லியும் சேர்ந்து சுற்றும். பிடித்துக்கொள்ள ஒரு ஹோல்டர் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் காற்றுக் கன் வைத்து ஒரே நொடியில் கழற்றிவிடுவார்கள். மலையில் காற்றுக் கன்னுக்கு எங்கே போவது? விசிறி இறக்கைக்குள் ஸ்க்ரூடிரைவரைச் சொருகிப் பிடிப்பார்கள், இறக்கை உடைந்துபோகும். போன வருஷம் பெல்ட்டே கையில் இருந்திருந்தாலும் இந்த ஹோல்டர் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எல்லாரும் டிக்கியில் பெல்ட் வைத்திருக்கிறேன் என்கிறார்கள். அதைக் கழற்றி மாட்டுகிற சாமான் இருக்கிறதா, ஒரு தடவையாவது மாட்டிப் பார்த்த கை இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

புது பெல்ட் வெர்னியர் அளவுகோலில் 20 மி.மீ. அகலம். 9,000 கிலோமீட்டர் ஓடிய பழசு 19.3. என் வண்டி மேனுவலில் கடைசி அளவு 18.5, அதற்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும். பழசில் வெடிப்பு இல்லை, பக்கவாட்டில் மட்டும் லேசாகக் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. புதுசை வண்டியில் மாட்டிக்கொண்டு, பழசை ஸ்பேராக எடுத்துக்கொள்கிறேன். ஓடிப் பார்த்த பெல்ட் இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று உறுதியாகத் தெரியும். பெட்டியைப் பிரிக்காத பெல்ட்டில் நம்பர் மாறியிருந்தால் அது மலையில் போய்த்தான் தெரியும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின் புல்லியின் இரண்டு பாதியையும் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து நிற்கும். இறக்காமல் நட்டை முறுக்கினால், பெல்ட் முன் புல்லியின் இரண்டு பாதிக்கும் நடுவில் நசுங்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்ட மாதிரி கைக்குத் தெரியும், உண்மையில் இறுகியிருக்காது. கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் நகர்ந்து, நட்டு லூசாகி, ஷாஃப்ட்டின் பல்லையே தின்றுவிடும். பெல்ட்டில் அம்புக்குறி இருக்கும், அது சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். புல்லியின் முகத்தில் கைரேகைக் கிரீஸ்கூடப் படக்கூடாது.

பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் சித்தப்பா வந்து குந்த வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாப்பது வருஷமாக விசைத்தறி மோட்டார் பெல்ட்டோடு பழகியவர். நான் பழைய பெல்ட்டை எட்டாக மடித்துப் பைக்குள் திணிக்கப் போனேன்.

“ஏங்கண்ணு, அப்புடி மடிக்காத. உள்ளாற நூலு ஓடுதல்ல, மடிப்பு உழுந்த எடத்துல நூலு போயிரும். வெளிய பாத்தா ஒண்ணுந் தெரியாது. வட்டமா உடு.”

ரப்பர் வெறும் மேல்சட்டைதான். இழுவையைத் தாங்குவது அந்த நூல். டிக்கியில் இடம் அடைத்தாலும் பரவாயில்லை என்று, மழைக்கோட்டைச் சுற்றி வட்டமாகவே வைத்தேன்.

வேரியேட்டருக்குப் பின்னால் விரலில் லேசாக ஈரம் பட்டது. கிரீஸ் கசிந்திருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டு மூடியை மூடினேன்.

முதல் நாள், பவானி

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மாசிப் பனி இன்னும் விடவில்லை. புது பெல்ட் என்பதால் முதல் நூறு கிலோமீட்டர் முறுக்காமல், ஒரே வேகத்தில் வைக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டினேன். புல்லியின் முகமும் பெல்ட்டின் பக்கமும் ஒன்றோடொன்று பழக வேண்டும்.

காங்கேயத்தை நெருங்கும்போதே தேங்காய் வாசம் வந்துவிடும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் களம் களமாக, உடைத்த தேங்காய் வெயிலுக்கு வாயைத் திறந்து கிடக்கிறது. சிவன்மலை ஏறி முருகனைக் கும்பிட்டேன். இந்தக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொன்னால், சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பெட்டிக்கு முன்னால் நின்று, இது நாட்டுக்கு என்ன சொல்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீழே அத்தை வீட்டுக்காரருடைய அரிசி மில். பழைய லைன் ஷாஃப்ட் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரே மோட்டார், மேலே நீளமான இரும்புத் தண்டு, அதிலிருந்து அகலப் பட்டை பெல்ட்டுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்குகின்றன. ஒன்று மட்டும் எட்டு மாதிரி குறுக்கே மாட்டியிருந்தது. குறுக்கே மாட்டினால் அந்த மெஷின் எதிர்த்திசையில் சுற்றும். மாமா ஒரு வி-பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். ‘பி 60’ என்று அச்சடித்திருந்தது. பி என்பது குறுக்கு வெட்டின் அளவு, 60 என்பது உள்சுற்று அறுபது அங்குலம்.

“எங்களுக்கு ஒண்ணு அத்துப்போச்சுன்னா நம்பரச் சொன்னாப் போதும், காங்கேயத்துல எந்தக் கடைலயும் எடுத்துக் குடுப்பான். உன்ற ஸ்கூட்டர் பெல்ட்டு அப்புடிக் கெடைக்குமாம்மா?”

கிடைக்காது. ஸ்கூட்டரின் பெல்ட் அகலமானது, அதன் சரிவும் வேறு. அளவு மாறினால் வண்டி கிளம்பாது, இல்லாவிட்டால் வேகமே ஏறாது. மோட்டார் செட், தறி, அரிசி மில், மஞ்சள் பாலிஷ் டிரம் என்று கொங்கு முழுக்கப் பெல்ட் சுற்றுகிறது. ஆனாலும் என் வண்டிக்கான பெல்ட்டை நான்தான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

சென்னிமலையில் அரிசிம்பருப்பு சாப்பிட்டேன், நெய்யும் தயிரும் தாராளமாக. மத்தியானம் ஈரோட்டில் தம்பி. அவன் வண்டி பெல்ட்டுக்குள் ஓடுவது கார்பன் இழை. எண்ணெய் போட வேண்டாம், சத்தம் இல்லை, செயினைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனால் அறுந்தால் ரோட்டோரத்தில் மாட்டுகிற வேலை இல்லை. முடிவில்லாத வளையம் அது. பின் சக்கரம் மட்டுமில்லை, இன்னும் பலதையும் கழற்றினால்தான் உள்ளே போகும். வெளிநாட்டில், இரண்டு முனையையும் ஊசிகளால் கோத்து இணைக்கிற அவசர பெல்ட் விற்கிறார்கள், அதை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு வரை வரலாம். இவன் அது இல்லாமல், முழு பெல்ட் ஒன்றைப் பெரிய வட்டமாகச் சைடு பாக்ஸில் வைத்திருக்கிறான்.

“நான் மாட்டப் போறதில்லக்கா. பெல்ட்டு கைல இருந்தா எந்த ஊரு ஒர்க்‌ஷாப்லயும் ஒரு நாள்ல மாட்டிருவாங்க. இல்லாட்டி பெல்ட்டு வர்ற வரைக்கும் லாட்ஜ்ல உக்காரோணும்.”

பொழுது சாயப் பவானி கூடுதுறை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுதநதியும் கூடும் இடம். கடைத்தெருவில் ஜமுக்காளம் கோடு கோடாகத் தொங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இங்கே அணைக்கட்டிலிருந்துதான் கிளம்புகிறது, இன்னும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் தண்ணீர் பாய்கிறது. இத்தனை நூறு வருஷம் பராமரித்துக் காப்பாற்றிய கைகளை நினைத்தபடி படிக்கட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள், ஆசனூர்

கோபி வரைக்கும் பச்சை வயல். கொடிவேரியில் நின்று மீன் வறுவல் சாப்பிட்டோம். சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி அம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தோம். ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிற சாலை, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்விட வேண்டும்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் கரும்பு லாரி, அதற்குப் பின்னால் நாங்கள். ஒவ்வொரு வளைவிலும் லாரி முன்னும் பின்னுமாகத் திருப்பும்வரை நின்று நின்று ஏற வேண்டும். ஸ்கூட்டர் பெல்ட்டுக்கு இதைவிடக் கெட்டது கிடையாது. ஒரே வேகத்தில் ஏறினாலாவது உள்ளே விசிறி காற்றை இழுக்கும். நின்று கிளம்பும்போதெல்லாம் கிளட்ச்சும் பெல்ட்டும் வழுக்கி வழுக்கிச் சூடாகும். அதனால் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊராமல், இடம் பார்த்து ஒதுங்கி நின்று, லாரி இரண்டு வளைவு மேலே போனதும் ஒரே மூச்சில் ஏறினேன்.

20-ஆவது வளைவுக்குப் பிறகு கிளம்பும்போது வண்டி லேசாக உதறியது. மேலே போய் நின்றதும் ரப்பர் கருகும் வாசம். புது பெல்ட் படிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்டேன்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் தம்பி தன் பெல்ட்டைப் பார்த்தான். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பல்லாக டார்ச் அடித்துக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். வேலை நடக்கும் ரோட்டில் தெறித்த ஜல்லி ஒன்று பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் புகுந்து, அரைப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. ஓட்டை நடுவில். ஓரத்துக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி.

அவன் மேனுவலில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். பல்லின் அடியில் வெளிப்பக்கம் தெரிகிற வெடிப்பு, பல் உடைவது, கொக்கி மாதிரி தேய்வது, ஓரத்தில் கல் அடி, இதில் எது இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும். நடுவில் கல் அடியும் ஓரத்தில் நூல் பிசிறலும் இருந்தால் ஓட்டலாம், ஆனால் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டான். இனி நிற்கும் இடமெல்லாம் அந்த வட்டத்தைத்தான் பார்ப்போம், ஓட்டை நீள்கிறதா என்று. இழுவையும் பார்த்தான். பெல்ட்டின் கீழ்ப்பக்கம் நடுவில் நாலரைக் கிலோ அழுத்தம் கொடுத்து, எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் பல் தாண்டும்.

ஆசனூரில் தங்கல். குளிர் எலும்பைக் குடைகிறது. யானை இருக்கிறது, வெளியே வராதீர்கள் என்று லாட்ஜ்காரர் இரண்டு முறை சொன்னார்.

மூன்றாம் நாள், நாமக்கல்

இன்றைக்கு நீளமான நாள், எழுத ஆரம்பிக்கும்போது ராத்திரி பதினொன்று.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிடாமல் கொஞ்சம் வைத்துக்கொண்டே இறங்கினேன். முழுக்க விட்டால் ஸ்கூட்டரில் கிளட்ச் பிரிந்துகொள்ளும், இன்ஜின் பிடிமானம் போய் பிரேக் மட்டும்தான் மிஞ்சும். சத்தியிலிருந்து திரும்பவும் பவானி, அங்கிருந்து சங்ககிரி. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலைக்கோட்டை. ஏற நேரமில்லை, அடியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

திருச்செங்கோடு வரும் வழியில் வண்டி மாறிவிட்டது. இன்ஜின் சத்தம் எழுபதுக்கு, முள் ஐம்பத்தைந்தில். கிளம்பும்போது உதறல். போர்வெல் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த ரோட்டில் ஓரம் கட்டி மூடியைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. மெதுவாக ஓட்டி நாமக்கல் வந்து சேர்ந்தோம். லாரி பாடி கட்டுகிற ஊர், இங்கே வழி பிறக்கும் என்ற தைரியம்.

கோட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன். என் சாமான் பையைப் பிரித்து ஹோல்டரை எடுத்துக் கொடுத்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்களே கழட்டுவீங்களாக்கா?”

“கழட்டுவேன். ஏன் இப்புடி ஆச்சுன்னுதான் தெரியல.”

மூடியைத் திறந்தான். புது பெல்ட் ஈரமாக, கறுப்பாக, பக்கவாட்டில் வழவழவென்று. நானாக இருந்தால் உடனே ஸ்பேர் பெல்ட்டை எடுத்திருப்பேன். அவன் எடுக்கவில்லை. வேரியேட்டரையும் உருவி, அதற்குப் பின்னால் சுவரோரம் விரலை விட்டு எடுத்தான். இரண்டு விரலுக்கும் நடுவில் தேய்த்தான், மோந்தான். பிறகு அந்த விரலை எனக்கு நீட்டினான்.

“இது கிரீஸ் இல்லீங்கக்கா. கிரீஸு கெட்டியா இருக்கும், ஒட்டும். இது தண்ணியா ஓடுது பாருங்க. இன்ஜின் ஆயிலு. கிராங்க் சீல் போயிருக்குது.”

இன்ஜின் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்தான் அந்த சீல். இன்ஜின் ஆயில் குச்சியை உருவிக் காட்டினான், அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. சூட்டில் சீலின் உதடு விறைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் துளித் துளியாக எண்ணெய் உள்ளே வந்து, சுற்றுகிற வேரியேட்டர் அதை பெல்ட் மேல் தெளித்திருக்கிறது. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் ரப்பர் பொரிந்து நூல் அறுகும். போன வருஷம் 46-ஆவது வளைவில் அறுந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அன்றைக்கு பெல்ட்டை மாற்றினார்கள், சீலைப் பார்க்கவில்லை. மூன்று நாள் முன்னால் அந்த ஈரம் என் விரலிலேயே பட்டது. துடைத்துவிட்டு மூடினேன். இன்றைக்கு அது ஒரு புது பெல்ட்டைத் தின்றுவிட்டது, மலையில் வேறு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

புது சீலைப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தான், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பழசை நெம்பி எடுத்து, உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, அதே அளவு பைப் துண்டு ஒன்றை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினான். ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் திரும்பவும் கசியும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் புல்லி முகங்களையும் கிளட்ச் டிரம்மையும் பிரேக் கிளீனர் அடித்து, கையில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தான்.

என் மாடலுக்குப் புது பெல்ட் கடையில் இல்லை, நாளை மறுநாள்தான் வரும். பழைய பெல்ட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து, பல்லுக்கு நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்று முழு வட்டமும் பார்த்தான். வெர்னியரில் 19.3, அதேதான். “இது போதுமுங்க்கா. ஆனா வேற ஸ்பேர் இல்ல, பாத்துக்குங்க.” எண்ணெய் குடித்த பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி லாட்ஜ் பால்கனியில் காயப் போட்டிருக்கிறேன். எண்ணெயில் ஊறிய ரப்பரை இனி நம்ப முடியாது, கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்து சேர மட்டும்தான்.

கொல்லிமலைக்குப் போவதா வேண்டாமா என்று ஆஞ்சநேயர் சன்னதியில் நின்றபடி பேசினோம். கூரையில்லாமல் பதினெட்டு அடி உயரத்துக்கு நிற்கும் சாமி. காரணத்தை எடுத்தாயிற்று, பெல்ட் அளவுக்குள் இருக்கிறது, கையில் சாமான் இருக்கிறது. போகலாம் என்று முடிவு.

நான்காம் நாள், கொல்லிமலை

காரவள்ளி அடிவாரத்தில் காலை ஏழு மணி. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை, ஒன்றிலிருந்து எழுபது வரை. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று மூடியைத் தொட்டுப் பார்ப்பது, மோந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சூடு இருந்தது, கை வைக்கிற சூடு. வாசம் இல்லை.

33-ஆவது வளைவில் இரண்டு காலேஜ் பையன்கள், ராசிபுரத்துக்காரர்கள், ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்கள். அதே ‘டப்’. அதிசயம் என்னவென்றால் டிக்கியில் பெல்ட் இருந்தது. மெக்கானிக் மாற்றச் சொல்லியிருக்கிறார், வாங்கி வைத்துக்கொண்டு நாள் கடத்தியிருக்கிறார்கள். கழற்ற ஒரு ஸ்பேனர்கூட இல்லை.

நான் பாயை விரித்தேன். அவர்கள் நட்டு 17, என்னிடம் 19தான். தம்பியின் பெட்டியில் 17 இருந்தது. என் ஹோல்டர் அவர்கள் புல்லிக்கும் பொருந்தியது. அறுந்த பெல்ட் கயிறு கயிறாகப் பிரிந்து கிளட்ச்சைச் சுற்றியிருந்தது. அந்த நூலை எல்லாம் குறடு வைத்து உருவி எடுக்கவே இருபது நிமிஷம் ஆனது. ஒரு துண்டு விட்டாலும் புது பெல்ட்டுக்கடியில் போய் மாட்டிக்கொள்ளும். புது பெல்ட்டை மாட்டிவிட்டு ஒரு பையன் நட்டை முறுக்க ஆரம்பித்தான்.

“கண்ணு, நிறுத்து. கைல சுத்திப் பாரு.”

முன் புல்லியில் பெல்ட் கல் மாதிரி விறைத்து நின்றது, நசுங்கிக்கொண்டிருந்தது. நட்டைத் தளர்த்தி, பின் புல்லியை விரித்து பெல்ட்டை இறக்கச் சொன்னேன். அவன் கையால் விரிக்க முடியவில்லை, ஸ்பிரிங் அவ்வளவு வலுவு. ஒருத்தன் விரிக்க, இன்னொருத்தன் அமுக்க, பெல்ட் உள்ளே போனது. முன்னால் தளர்ந்தது. அப்போது முறுக்கச் சொன்னேன். புல்லி முகத்தோடு முகம் சேர்ந்து ‘டக்’ என்று உட்கார்ந்தது கைக்கே தெரிந்தது. வேரியேட்டருக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தேன், காய்ந்த தூள்தான். அவர்கள் பெல்ட் வயசாகித்தான் போயிருக்கிறது. அடிவாரம் போனதும் ஒர்க்‌ஷாப்பில், இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து நட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

46-ஆவது வளைவில் அந்தக் கல் கட்டை அப்படியே இருக்கிறது. நிற்காமல் ஏறினேன்.

மேலே வல்வில் ஓரி சிலை, செம்மேட்டில் பலாப்பழம், மிளகுக்கொடி. அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாயகங்கைக்குப் படி இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படி. தண்ணீர் குறைவுதான், ஆனால் அந்தச் சாரலில் நின்றபோது நான்கு நாள் தூசும் போனது. ஏறி வரும்போது முழங்கால் கெஞ்சியது. தம்பி கைபிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

ஐந்தாம் நாள், வீடு

தம்பி நாமக்கல்லிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பினான். நான் கரூர், வெள்ளகோவில், காங்கேயம் வழியாக. காற்று பல்லடத்துக்குப் பக்கத்தில் வண்டியைத் தள்ளியது, தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

சாயந்திரம் தம்பியிடமிருந்து போட்டோ வந்தது. வெள்ளை வட்டத்துக்குள் ஓட்டை அதே அளவில் இருக்கிறது. சைடு பாக்ஸில் இருக்கிற பெல்ட்டை அடுத்த வாரம் மாட்டிவிடப் போகிறான்.

நான் வண்டி ஆறும்வரை காப்பி குடித்துவிட்டு, வாசலில் பாயை விரித்து மூடியைக் கழற்றினேன். சித்தப்பா வந்து குந்தினார். பெல்ட் 19.2. கிழித்த பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றி, வேரியேட்டருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு முழுச் சுற்றுத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது.